காளான் மட்டுமே வரைய வேண்டும் என்று தோன்றுகிறது. இதை நம்பி இறங்கலாமா?

ஈரமண்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓவியம் முறையாகப் படித்தவள். பிழைப்பும் அதில்தான்: புத்தக அட்டை, பாடநூல் படங்கள், விளம்பரத் தாள்கள். கேட்டதை வரைவேன், சொன்ன நாளில் கொடுப்பேன். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் எனக்கென்று ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தால் கை ஓடாது. எதை வரைவது என்பதல்ல சிக்கல், எதற்காக வரைவது என்பதுதான். முகங்கள், மலைகள், கடைசியில் வெறும் நிறங்கள் என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தன. ஒன்றுகூட என்னுடையது என்று தோன்றவில்லை.

அப்போதுதான் மை வடிக்கும் காளான் ஒன்று கைக்கு வந்தது. கொப்ரைனஸ் கோமேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வெள்ளையாக, செதில் செதிலாக, குடை விரியாமல் நீள உருண்டையாகப் புல்லில் நிற்கும். ஒன்றைப் பறித்து வந்து கண்ணாடித் தட்டில் நிறுத்தி மாலையில் வரையத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் தொப்பியின் கீழ்விளிம்பு ரோஸ் நிறமானது. அப்புறம் சாம்பல். அப்புறம் கறுத்து, சொட்டத் தொடங்கிவிட்டது. நான் போட்ட கோடு போட்டபடி இருக்க, எதிரில் இருந்தது விலகிப் போய்க்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால் தொப்பி பாதிக்கு மேல் கரைந்து, தட்டில் மையாகத் தேங்கிக் கிடந்தது. அந்த மையிலேயே பேனாவைத் தோய்த்து மிச்சமிருந்த காம்பை வரைந்தேன். லேசாகப் பழுப்பு கலந்த கறுப்பு. காய்ந்ததும் இன்னும் அழுத்தமானது.

பிறகு படித்தேன். அது அழுகவில்லையாம். தொப்பியின் அடியில் தகடு தகடாக இருக்கும் தன் செவுள்களைத் தானே நொதிகளால் கீழிருந்து மேலாகச் செரித்துக்கொள்கிறது. விளிம்பு கரையக் கரைய, அதற்கு மேலே உள்ள செவுள்கள் விலகி, வித்துகள் காற்றில் விழ வழி கிடைக்கிறது. மையைக் கறுப்பாக்குவதே அந்த வித்துகள்தான். அதாவது நான் பேனாவில் தொட்டு எழுதியது அந்தக் காளானின் அடுத்த தலைமுறையை! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்காக வரைவது எல்லாமே காளான்தான். ஸ்கெட்ச் புத்தகங்கள் நிறைந்துகொண்டே போகின்றன. கை ஓடுகிறது, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஆனால் கூடப் படித்தவர்கள், "இது அறிவியல் படம், கலை இல்லை" என்கிறார்கள். வீட்டில், "நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் இதையே எத்தனை நாள் வரைவாய்?" என்று கேட்கிறார்கள். ஒரே பொருளை வைத்துக்கொண்டு ஒரு ஆள் முழு வாழ்க்கைக்கும் வரைய முடியுமா? முடியும் என்றால், பார்த்ததை அப்படியே வரைவதிலிருந்து அடுத்த இடத்துக்கு எப்படிப் போவது? காளானியல் படிக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பென்சில்:

தாவரப் படங்கள் வரைந்தே காலம் தள்ளியவன் நான், இப்போது ஓய்வில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில்: முடியும். தயங்காமல் சொல்கிறேன்.

அறிவியல் படம் என்றால் கலை இல்லை என்பவர்கள் ஒரு காளானைத் திருப்பிப் பிடித்து அதன் அடிப்பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். விளிம்பிலிருந்து கிளம்பும் செவுள்கள் எல்லாமே காம்பு வரை போவதில்லை. பாதியில் நிற்பவை உண்டு, கால்வாசியில் நிற்பவை உண்டு. வட்டம் அகலமாக ஆக விழும் இடைவெளியை அந்தக் குட்டிச் செவுள்கள்தான் நிரப்புகின்றன. இந்த முறையைக் கண்டுபிடிக்காமல் கோடு மட்டும் இழுத்தால் படம் குடைக்கம்பி மாதிரி ஆகிவிடும். கண்டுபிடித்து வரைந்தால் அதில் உயிர் வரும். அதை நீங்கள் எந்தப் பெயரில் அழைத்தாலும் எனக்குச் சம்மதம்.

மேரி பானிங் என்ற பெண்மணியைப் பற்றித் தேடிப் படியுங்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1822இல் பிறந்தவர். நோயாளிகளான தாயையும் சகோதரியையும் பார்த்துக்கொண்டே, கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த மாகாணத்துக் காளான்களை வரைந்தார். 175 நீர்வண்ணப் படங்கள். அறிவியலுக்கு அதுவரை தெரியாத 23 இனங்களை விவரித்திருக்கிறார். காளானைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் பெண்ணை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆதரவாக இருந்தது நியூயார்க் மாகாணத் தாவரவியலாளர் சார்லஸ் பெக் எழுதிய கடிதங்கள்தான். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1890இல் கையெழுத்துப் பிரதியை அவருக்கே அனுப்பிவிட்டார். அது ஒரு இழுப்பறையில் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் கிடந்து, 1981இல்தான் வெளியே வந்தது. நான் அந்தப் படங்களை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். தொப்பியில் ஒட்டியிருக்கும் இலைத் துணுக்கைக்கூட விடாமல் போட்டிருக்கிறார். யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், அப்படி ஒரு வேலை.

பியாட்ரிக்ஸ் பாட்டரைக் குழந்தைக் கதைகளால் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் நூற்றுக்கணக்கில் காளான் வரைந்தவர். ஸ்காட்லாந்தில் சார்லஸ் மெக்கின்டோஷ் என்ற தபால்காரர் இருந்தார், இயற்கையை நன்றாக அறிந்தவர். அவர் தபாலில் காளான் மாதிரிகளை அனுப்புவார், எதைக் கவனித்து வரைய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுப்பார். பாட்டர் வரைந்த படங்களை அவருக்கு அனுப்புவார். போகப் போக வித்து எப்படி முளைக்கிறது என்ற கேள்வி பாட்டரைப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1897 ஏப்ரலில் லண்டனில் இயற்கை ஆய்வாளர்களின் லின்னியன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது. அப்போது பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் அவரால் போக முடியவில்லை. 1967இல் வந்த ஒரு காளான் கையேட்டில் அவருடைய 59 படங்களைச் சேர்த்தார்கள். வரைந்து எழுபது வருஷம் கழித்தும் ஆட்கள் அந்தப் படத்தை வைத்துக் காளானை அடையாளம் காண்கிறார்கள் என்றால் பாருங்கள்.

காளானியல் பட்டம் எல்லாம் வேண்டாம். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் இளசு, விரிந்தது, முற்றியது மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்றை நெடுக்காகப் பிளந்து உள்ளே இருப்பதையும் வரையுங்கள். பறிக்கும்போது ஒடிக்காமல் அடியோடு தோண்டி எடுங்கள். அமனைட்டா என்ற காளான் வகையில் காம்பின் அடியைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கிண்ணம் இருக்கும், அதை விட்டுவிட்டு வரைந்தால் பாதிதான் வரைந்ததாகும். பக்கத்தில் என்ன மரம், என்ன வாசனை, வித்தின் நிறம் என்ன என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

நூல்காரி:

பென்சில் ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். மீதிப் பாதியில் என் வழி வேறு. தோழி, உங்கள் பதிவிலேயே எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் அந்த மையைத் தொட்டு எழுதிய இடம். அங்கே நீங்கள் காளானைப் பார்த்து வரைவதோடு நிற்கவில்லை, காளானைக் கொண்டே வரைந்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் இன்னும் போகலாம் என்பது என் கருத்து.

நான் காளானில் சாயம் எடுத்துக் கம்பளி நூலுக்கு ஏற்றுகிறேன். இந்த வேலைக்கு எங்கள் எல்லாருக்கும் வழிகாட்டி மிரியம் ரைஸ். கலிபோர்னியாக்காரர், அடிப்படையில் கலைஞர். 1970களின் தொடக்கத்தில், மரக்கட்டையில் கொத்தாக முளைக்கும் கந்தக மஞ்சள் நிறக் காளான்களைக் கம்பளியோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார். பளிச்சென்ற மஞ்சள் கிடைத்தது. அப்புறம் அவர் நிற்கவே இல்லை. கண்ணில் பட்டதை எல்லாம் பானையில் போட்டார், குறித்து வைத்தார், சொல்லிக்கொடுத்தார். அடுக்குக் காளான்களை அரைத்துக் காகிதம் செய்தார், சாயத்தை எடுத்து வண்ணக்குச்சிகளும் செய்தார். இன்று உலகம் முழுக்க இதைச் செய்பவர்கள் இருக்கிறோம் என்றால் தொடக்கம் அந்த ஒரு பானை.

இதில் என்னைக் கட்டிப்போட்டது என்ன தெரியுமா? கண்ணுக்குத் தெரியும் நிறமும் நூலில் ஏறும் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை. கார்டினேரியஸ் செமிசாங்குவினியஸ் என்று ஒன்று, மேலே பார்த்தால் சாதாரண மஞ்சள் பழுப்பு. நடந்து போகிறவர் யாரும் குனிந்து பார்க்க மாட்டார். திருப்பினால் செவுள் முழுக்க ரத்தச் சிவப்பு. அதிலிருந்து கம்பளிக்குச் சிவப்பு ஏறும், லேசில் வெளுக்காத சிவப்பு. ஊசியிலை மரங்களின் அடியில் வரும் ஃபேயோலஸ் ஸ்வைனிட்சீ என்ற காளான், நிறம் பிடிக்கப் படிகாரம் ஏற்றிய நூலுக்கு மஞ்சள் தரும், இரும்பு சேர்த்தால் அதே சாறு ஆலிவ் பச்சைக்குத் திரும்பிவிடும். அடியில் செவுளுக்குப் பதிலாகப் பல் பல்லாகத் தொங்கும் ஹிட்னெல்லம் வகையில் சில, காரத்தன்மை உள்ள நீரில் நீலப்பச்சை தரும். பானையைக் கொதிக்க விடாதீர்கள், கொதிநிலைக்குக் கீழேயே வைத்திருங்கள். உலர்ந்த காளானும் நூலும் ஏறக்குறைய சம எடை என்று தொடங்கலாம். சாயப் பானையில் அப்புறம் எப்போதும் சமைக்கக் கூடாது. பருத்தியைவிடக் கம்பளியும் பட்டும் இந்த நிறங்களை நன்றாகப் பிடிக்கும்.

மரத்திலும் இது உண்டு. குளோரோசிபோரியா என்ற பொடிக் கிண்ணப் பூஞ்சை பரவிய கட்டையைப் பிளந்தால் உள்ளே நீலப்பச்சை. சைலிண்டீன் என்ற நிறமிதான் காரணம். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தச்சர்கள் மரத்துண்டுகளைப் பதித்துப் படம் செய்தபோது, பச்சை தேவைப்பட்ட இடத்தில் இந்த மரத்தை அறுத்து வைத்தார்கள். ஐந்நூறு வருஷம் கழித்தும் அந்த நிறம் தெரிகிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன்களிலும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்பவை) அருமையான சாயம் இருக்கிறது, ஆனால் உயிரோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டாதீர்கள். பல வகைகள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. காற்றில் விழுந்ததை மட்டும் எடுங்கள். காளானிலும் அப்படித்தான், ஒரு கொத்தில் பெரும்பகுதியை விட்டுவிட்டு எடுங்கள்.

தூரிகை:

இருவரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஈரமண் கேட்டது நோக்கத்தைப் பற்றி. வரையும் முறையும் சாயமும் அதற்குப் பதில் ஆகாது என்று நினைக்கிறேன்.

காளானைப் பிடித்துப் போனவர்கள் நிறையப் பேர். அதில் ஒவ்வொருவரையும் இழுத்தது வேறு வேறு. பானிங்குக்கு அதற்கு முன் யாரும் பெயரிடாததைப் பதிவு செய்யும் வேகம். பாட்டருக்கு அது எப்படி முளைக்கிறது என்ற கேள்வி. இசையமைப்பாளர் ஜான் கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். காளான் பைத்தியம் என்றே சொல்லலாம். 1959இல் இத்தாலியத் தொலைக்காட்சிப் போட்டியில் காளான் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பெரிய பரிசு வாங்கினார், 1962இல் நண்பர்களோடு நியூயார்க் காளானியல் சங்கத்தை மறுபடி தொடங்கினார். இசையில் அவர் நாணயம் சுண்டிப் போட்டுக்கூட அடுத்த சுரத்தை முடிவு செய்தவர். காளானில் அதற்கு இடமே கிடையாது, இனம் மாறினால் உயிர் போய்விடும். இரண்டிலும் அவருக்கு வேண்டியிருந்தது கூர்மையான கவனம். அதற்காகவே அவர் காட்டுக்குப் போனார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே, காளானில் எது உங்களைப் பிடித்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வடிவமா? நிறமா? மண்ணுக்கடியில் இழை இழையாக ஓடும் அந்தப் பெரிய உடம்பா? உங்கள் புத்தகங்களை முதலிலிருந்து புரட்டி, எந்தப் பக்கத்தில் கை தானாக வேகம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். அதைச் சொன்னால் மேலே பேசலாம். சம்பளம் தரும் வேலையை அதற்காக விட வேண்டியதில்லை, இப்போதைக்கு அது உங்களைத் தாங்கட்டும்.

ஈரமண்:

மூன்று பேருக்கும் நன்றி. தூரிகை சொன்னபடி எல்லாப் புத்தகங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பதில் அங்கே அப்பட்டமாக இருக்கிறது, எனக்குத்தான் தனியாகத் தெரியாமல் இருந்தது.

அழகாக முழுசாக நிற்கும் காளான்களை எல்லாம் ஒழுங்காக வரைந்திருக்கிறேன், அவ்வளவுதான். கை வேகம் எடுத்த பக்கங்கள் வேறு: கரைகிற குடை, புழு தின்ற காம்பு, மேலே இன்னொரு பூஞ்சணம் படர்ந்த கிழட்டுக் காளான், எல்லாவற்றையும்விட அது முளைத்திருக்கும் கட்டை. கட்டையை நான் பின்னணியாகத்தான் தொடங்கியிருக்கிறேன். பக்கம் போகப் போக அதுதான் பெரிதாகிக்கொண்டே வருகிறது, காளான் ஓரத்துக்குப் போகிறது.

என்னைப் பிடித்திருப்பது காளான் செய்யும் வேலை. ஒரு மரத்தை அது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மண்ணாக்குகிறது என்பது. இரண்டு மாதிரி அழுகல் உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளை அழுகலில் பூஞ்சை, மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னினையும் சேர்த்துச் சிதைத்துவிடும், மரம் வெளுத்து நார் நாராகப் பிரியும், கையால் உரித்தால் ஈரத்தோடு வரும். பழுப்பு அழுகலில் நார்ப்பொருளான செல்லுலோஸ் போய் லிக்னின் பெரும்பாலும் தங்கிவிடும், மரம் சிவந்த பழுப்பில் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சதுரம் சதுரமாக நிற்கும். அந்தச் சதுரம் ஒன்றை விரலில் வைத்து நசுக்கினால் பொடியாகிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த பக்கம்தான் எனக்கு இதுவரை மிகவும் பிடித்த பக்கம்.

எனவே இப்படி யோசிக்கிறேன். விழுந்து கிடக்கும் ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொள்வது. பருவத்துக்குப் பருவம் அதே மரத்திடம் போவது. அதில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், கட்டை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அதே அளவுத் தாளில், அதே கோணத்தில் வரைவது. கட்டை மண்ணோடு மண்ணாகும் வரை. எனக்கு முன் அது முடியுமா, அதற்கு முன் நான் முடிவேனா தெரியாது. வேகமாக முடிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத முதல் வேலை இது. நூல்காரி அக்கா சொன்னதையும் விடப் போவதில்லை: ஒவ்வொரு தாளிலும் அந்தக் கட்டையில் முளைத்ததன் வித்துப் படிவு, அதாவது தொப்பியிலிருந்து வித்துகள் தாளில் உதிர்ந்து பதியும் தடம், ஒன்று இருக்க வேண்டும், வரைந்த கோட்டோடு அதுவும் இருக்க வேண்டும்.

அங்கேதான் ஒரு நடைமுறைக் கேள்வி. வித்துப் படிவை எடுத்துவிடுகிறேன், ஆனால் விரல் பட்டால் கலைகிறது. நாள்பட நிற்கும்படி எப்படிச் செய்வது? வெள்ளை வித்து வெள்ளைத் தாளில் தெரியவும் இல்லை.

பழைய பென்சில்:

கட்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். கட்டாயம் செய்யுங்கள்.

படிவுக்கு: காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு, செவுள் கீழே இருக்கும்படி தாளில் வையுங்கள். தாளின் ஒரு பாதிக்குக் கறுப்பு அல்லது அடர்த்தியான வண்ணம் முன்கூட்டியே பூசிக் காயவிட்டால் வெள்ளை வித்து அந்தப் பாதியில் தெரியும், கறுத்த வித்து மறுபாதியில் தெரியும். தொப்பியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மூடாமல் வைத்தால் காற்று வித்தை இழுத்துக்கொண்டு போய்ப் புகைமாதிரி ஒரு பக்கம் சாய்ந்த படிவு கிடைக்கும். உங்கள் வேலைக்கு அதுகூடப் பிடிக்கலாம், ஒருமுறை செய்து பாருங்கள். எடுக்கும்போது இழுக்காமல் நேர் மேலே தூக்குங்கள்.

நிலைநிறுத்த, கரிக்கோட்டுப் படங்களுக்கு அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் போதும். நேராக அடித்தால் விசையிலேயே வித்து பறந்துவிடும். தாளைப் படுக்க வைத்து, தள்ளி நின்று, துளிகள் மேலிருந்து தானாக இறங்கும்படி மெல்லிய படலமாக அடியுங்கள். காய்ந்ததும் இன்னொரு படலம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வித்துத் தூளை நிறையச் சுவாசிப்பதும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

கட்டையில் தட்டையாக, விசிறி விரித்தாற்போல் நீட்டிக்கொண்டு, அடிப்பக்கம் பால்வெள்ளையாக ஒரு காளான் வந்தால் அது கேனோடெர்மா அப்ளனேட்டமாக இருக்கலாம். அந்த வெள்ளையில் கூர்முனையால் கீறினால் கீறிய இடம் உடனே பழுப்பாகும், காய்ந்தபின் கோடு அப்படியே நின்றுவிடும். ஓவியர்கள் ரொம்ப காலமாக அதில் படம் கீறுகிறார்கள். பல வருஷம் வாழும் காளான் அது, ஆகவே எடுப்பதா விடுவதா என்பதை உங்கள் கட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் விட்டுவிட்டு வரைவேன்.

நூல்காரி:

ஒரு சின்னச் சேர்க்கை. தொட்டால் விஷம் ஏறுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள், கொடிய காளானும் தின்றால்தான் ஆபத்து. கையைக் கழுவிக்கொண்டால் போதும். ஆனால் எவ்வளவு துல்லியமாக வரைந்திருந்தாலும் சரி, அந்தப் படத்தை நம்பி யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று காட்சிக்கு வைக்கும்போது ஒரு வரி எழுதி வையுங்கள்.

மாதிரிகளைக் காயவைத்துச் சேமித்தால் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும். கட்டையைத் தேர்ந்தெடுத்ததும் முதல் தாளைப் போடுங்கள் தோழி. பட்டை இன்னும் இருக்கிறதா, எந்த மரம் என்பதையும் எழுதுங்கள், எந்தச் சாயக் காளான் வர வாய்ப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.